மாலக்கி பெர்னும் மறதிப்புல்லும்

அயர்லாந்தில் எங்கள் ராஸ்காமன் மாவட்டத்துக்குக் கடல் கிடையாது. இதைச் சொல்லிவிட்டால் எங்கள் கஷ்டம் பாதி புரிந்துவிடும். டப்ளினிலிருந்து மேற்குக் கடற்கரைக்குப் போகிறவர்கள் எங்கள் மாவட்டத்தில் வண்டியை நிறுத்துவது கழிப்பறைக்காகத்தான். ஏரி இருக்கிறது, சதுப்பு இருக்கிறது, பழைய ராஜாக்களைப் புதைத்த மேடுகள் இருக்கின்றன, இரண்டு வயலுக்கு ஒரு வட்டக்கோட்டை இருக்கிறது. ஆனால் அலை இல்லையே! அலை இல்லாத இடத்தில் எவன் நின்று போட்டோ எடுப்பான்? அப்படிப்பட்ட ஊரில் பஸ் பஸ்ஸாக ஆட்களை நிறுத்தி வைத்தவன் மாலக்கி பெர்ன். எதைக் காட்டி நிறுத்தினான் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

என் பெயர் கன்செப்டா. எங்கள் ஊர் லிஸ்னப்ரோனில், வட்டக்கோட்டைக்குப் போகும் நடைபாதை தொடங்கும் இடத்தில் தகரக் கூரை போட்ட டீக்கடை என்னுடையது. மாலக்கி எனக்கு இரண்டு வயல் தள்ளி வளர்ந்தவன். ஒன்றாம் வகுப்பில் என் பென்சிலை எல்லாம் கடித்துத் துப்பியவன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "யாரும் கேக்கல"ன்னு சொல்லுவான். இருபத்தாறு வருஷம் சதுப்பில், அடுப்பெரிக்கும் கரிமண்ணை வெட்டுகிற இயந்திரம் ஓட்டினான். சதுப்பை மூடிவிட்டார்கள். நாற்பத்தொன்பது வயதில் வேலை போய், கையைப் பிசைந்துகொண்டு நின்றவனுக்குக் கவுன்சிலில் ஒரு பச்சை ஜாக்கெட்டைக் கொடுத்து, "போய், வர்றவங்களுக்கு ஊரைக் காட்டு" என்றார்கள். அதுவரை "மழை வரும்போல" என்பதைத் தவிர வேறெதுவும் பேசாதவன், அந்த ஜாக்கெட் தோளில் ஏறியதும் வாயை மூடவே இல்லை.

அவன் காட்டியது பெரும்பாலும் வட்டக்கோட்டையைத்தான். கோட்டை என்றதும் கல்லும் கதவும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆள் உயரத்துக்கு வட்டமாக ஒரு மண்கரை, கரைமேல் ஏழெட்டு முள்மரம், சுற்றி இரண்டு ஏக்கர் வயல், வயலுக்கு ஒரே ஒரு கேட்டு. அவ்வளவுதான். அந்தக் கரையை நாங்கள் வெட்ட மாட்டோம், உழ மாட்டோம், ஒரு கிளையைக்கூட ஒடிக்க மாட்டோம். உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் குடியிருப்பவர்களை நல்ல ஜனம் என்போம். அவர்கள் நல்லவர்கள் என்பதால் இல்லை. வேறு மாதிரி சொன்னால் அவர்கள் காதில் விழுந்துவிடும் என்பதால்.

அந்தக் கரையடியில், மூன்றாவது முள்மரத்துக்கு நேரே, இரண்டு முழத்துக்கு மறதிப்புல் இருப்பதாக மாலக்கியின் அப்பா லூக் பெர்ன் அவனுக்குச் சின்ன வயதிலேயே காட்டியிருந்தார். மறதிப்புல்லை மிதித்தவனுக்கு வழி மறந்துபோகும். கேட்டு கண்ணெதிரே இருந்தாலும் தெரியாது. மேலே போட்டிருக்கும் கோட்டுச் சட்டையைக் கழற்றி, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டுக்கொண்டால்தான் அது ஆளை விடும். மறதிப்புல் எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதிதான். ஆனால் இங்கேதான் இருக்கிறது என்று இடத்தைத் தொட்டுச் சொன்னவர் லூக் ஒருவர்தான். நாங்களும் நம்பி, அந்தப் பக்கம் மாட்டைக்கூட விடாமல் வளர்ந்தோம்.

மாலக்கி என்ன செய்தான் தெரியுமா? வந்தவர்களை எல்லாம் வரிசையாக நிற்க வைத்து, ஒவ்வொருவராக அதை மிதிக்கச் சொன்னான். மிதித்துவிட்டுக் கண்ணை மூடி மூன்று சுற்றுச் சுற்ற வேண்டும், பிறகு கேட்டைத் தேட வேண்டும், கடைசியில் எல்லாரும் கோட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டு நிற்க வேண்டும், அதை ஒரு போட்டோ. சனங்களுக்கு ஒரே சிரிப்பு. கவுன்சில்காரர்கள் இரண்டு பாதம் வரைந்த பலகையை அங்கே நட்டுவைத்து, "இங்கே மிதியுங்கள்" என்று நாலு பாஷையில் எழுதினார்கள். பதினோரு வருஷம் இந்தக் கூத்து நடந்தது.

எல்லாரும் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்கள் என்று சொல்ல மாட்டேன். ஹாலந்துக்காரி ஒருத்தி, பள்ளிக்கூட டீச்சர், நாற்பது நிமிஷம் அந்த இரண்டு ஏக்கரைச் சுற்றிச் சுற்றி வந்தாள். புருஷன் கேட்டருகே நின்று பெயர் சொல்லிக் கத்துகிறான், இவள் அவனைத் தாண்டிக்கொண்டு போகிறாள். நான் என் கண்ணால் பார்த்தேன். கடைக்கு வந்து டீக்கோப்பையைப் பிடித்தபோது கையெல்லாம் முள் கீறல். "கேட்டை யார் மூடினது?"ன்னு என்னைக் கேட்டாள். கேட்டை யாரும் மூடவில்லை. அந்தக் கேட்டை மூட முடியாது, கீல் துருப்பிடித்துப் பல வருஷமாகிறது.

"மாலக்கி, போதும்டா. இது விளையாட்டு இல்ல" என்றேன்.

"இதுக்கு மேல என்ன விளம்பரம் வேணும் கன்செப்டா? அந்தம்மா ஊருக்குப் போயி பத்துப் பேர்கிட்டச் சொல்லுவாங்க பாரு."

"ஒருநாள் ஒருத்தர் வெளிய வரவே மாட்டாங்க. அப்பத் தெரியும் உன் விளம்பரம்."

"வராட்டி உனக்கு நல்லதுதான். ஸ்கோன் ரொட்டி இன்னும் நாலு விக்கும்" என்று பல்லைக் காட்டிக்கொண்டு போனான்.

அவன் அம்மா பிலோமினா டவுனில் முதியோர் இல்லத்தில் இருந்தார். எண்பத்தைந்து வயது. நாக்கு அரிவாள். பாதிரியாரையே "முடிங்க ஃபாதர், டீ ஆறுது" என்று சொல்லுகிற ஆள். பதினோராவது வருஷம் ஏப்ரலில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து மாலக்கி பார்க்கப் போனபோது, கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு அவனிடம் சொன்னதை அவன் அப்படியே என் கடையில் வந்து சொன்னான்.

"உனக்கு முன்னாடி ஒண்ணு பொறந்துச்சுடா. பொண்ணு. ரெண்டு தடவ மூச்சு விட்டுச்சு, அவ்வளவுதான். ஃபாதர் வந்து ஞானஸ்நானம் குடுக்கறதுக்குள்ள போயிடுச்சு. ஞானஸ்நானம் இல்லாததைக் கல்லறைத் தோட்டத்துல சேர்க்க மாட்டாங்க அப்ப. உங்கப்பா ஒரு பெட்டியில வச்சு, கோட்டுக்குள்ள மறைச்சு எடுத்துட்டுப் போனாரு. எங்கன்னு பொம்பள கேக்கக்கூடாது. அறுபத்திரண்டு வருஷமா நான் கேக்கல. அவரும் சொல்லாமலே செத்துப்போனாரு. இப்பக் கேக்கறேன். இலை கொட்டறவரைக்கும் தாங்குவேன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அதுக்குள்ள எம் புள்ள இருக்கிற எடத்துல நான் ஒரு தடவ போயி உக்காரணும். நீதான் ஊருக்கே வழி காட்டறவனாச்சே, கண்டுபிடி."

மாலக்கிக்கு அறுபது வயது. ஒரு அக்கா இருந்தாள் என்று அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரியும். என் கடை பெஞ்சில் உட்கார்ந்து, சர்க்கரை போடாமலே டீயைக் கலக்கிக்கொண்டிருந்தான்.

எங்கள் பக்கத்தில் இது எல்லா வீட்டிலும் நடந்ததுதான், யாரும் பேசாததுதான். பொழுது சாய்ந்தபின் அப்பன் தனியாகப் போவான். வயல் எல்லையிலோ, ஏரிக்கரையிலோ, பழைய கோட்டை ஓரத்திலோ வைத்துவிட்டு, அடையாளத்துக்கு ஒரு வெள்ளைக் கூழாங்கல்லைப் போட்டுவிட்டு வருவான். திரும்பி வந்து மறுநாள் மாட்டைக் கறப்பான். பெற்றவள் கட்டிலில் கிடந்து கூரையைப் பார்ப்பாள். இதை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆத்திரம் வருகிறது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

மே, ஜூன், ஜூலை மூன்று மாதமும் மாலக்கி அலைந்தான். ஊர்க் கிழவர்களைக் கேட்டான், கோயில் பதிவேட்டைப் பார்த்தான். ஏரிக்கரையில் அந்த மாதிரிக் குழந்தைகளைப் புதைத்த இடம் ஒன்று ஊருக்கே தெரிந்தது, பத்து வருஷம் முன்னால் அங்கே ஒரு நினைவுக்கல்லும் வைத்திருந்தார்கள். அம்மாவை அங்கே கூட்டிப்போய், "இங்கதாம்மா" என்று சொல்லிவிட்டான். பிலோமினா அம்மா காரிலிருந்து இறங்கி, கல்லைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார்.

"இங்க இல்ல" என்றார்.

"எப்படிம்மா தெரியும்?"

"பெத்தவளுக்குத் தெரியும். எம்மனசு ஆறணும்னு பொய் சொல்லாத. வண்டிய எடு."

ஆகஸ்ட் கடைசியில் ஒருநாள் நானும் அவனோடு இல்லத்துக்குப் போனேன். ஸ்கோனும் ஜாமும் எடுத்துப் போயிருந்தேன். மாலக்கியின் பச்சை ஜாக்கெட்டில் உள்துணி கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது, தினம் நாலு தடவை திருப்பித் திருப்பிப் போட்டால் கிழியாமல் என்ன செய்யும்? அதைப் பார்த்ததும் பிலோமினா அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"அப்பனுக்குத் தப்பாம பொறந்திருக்கான் பாரு கன்செப்டா. அவரும் இப்படித்தான். அந்தப் புள்ளய எடுத்துட்டுப் போனாரே, அன்னிக்குப் போனவரு விடிஞ்சப்புறந்தான் வந்தாரு. வந்து நின்ன கோலத்தப் பாக்கணுமே! கோட்டு உள்ள வெளிய மாறிக் கெடக்கு. நான் தச்சுக் குடுத்த புது உள்துணி, அவ்வளவும் முள்ளு கிழிச்சு, சொட்டச் சொட்ட ஈரம். புள்ளயப் பொதச்சுட்டு எங்கியோ போயி குடிச்சுட்டு வந்திருக்காருன்னு நெனச்சேன். ஒரு மாசம் அவரோட பேசல."

நான் மாலக்கியைப் பார்த்தேன். ஸ்கோனைப் பிய்த்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது. முகத்தில் சொட்டு ரத்தம் இல்லை. எனக்கு அப்போதும் பிடிபடவில்லை, நெஞ்சு வலியோ என்று பயந்தேன்.

கார் நிறுத்தத்துக்கு வந்ததும் சாவியைப் போடாமல் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"அப்பா குடிச்சிட்டு வரல கன்செப்டா. வழி தெரியாம சுத்தியிருக்காரு. கோட்டைத் திருப்பிப் போட்டுத்தான் வெளிய வந்திருக்காரு" என்றான். "எனக்கு நாலு வயசு. கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயி, இதை மட்டும் என்னைக்கும் மிதிக்காதடான்னு சொன்னாரு. அந்த எடத்தத் தாண்டறப்பல்லாம் தொப்பியக் கழட்டுவாரு. நல்ல ஜனத்துக்கு மரியாதை பண்றாருன்னு நெனச்சேன்."

ஐயோ கடவுளே என்றேன். குழந்தை அந்தப் புல்லுக்கு அடியில்தான் இருக்கிறது.

லூக் பெர்ன் எங்களை நன்றாகத் தெரிந்துவைத்திருந்தவர். வேலி போட்டிருந்தால் ஏன் என்று கேட்டிருப்போம். சிலுவை நட்டிருந்தால் ஃபாதரிடம் சொல்லியிருப்போம். மறதிப்புல் என்று சொன்னார், அறுபது வருஷம் ஒரு மண்வெட்டி அங்கே படவில்லை. அந்த மனுஷன் தன் பிள்ளைக்கு நல்ல ஜனத்தைக் காவல் வைத்துவிட்டுச் செத்தார். அவர் மகனோ பாதம் வரைந்த பலகைக்கு முன்னால் உலகத்தையே கூப்பிட்டு மிதிக்க வைத்தான்.

நேரே வயலுக்குப் போனோம். பலகைக்கு முன்னால் புல்லே இல்லை, தேய்ந்து தேய்ந்து மண் மினுமினுவென்று இறுகிக் கிடந்தது. மாலக்கி மண்டிபோட்டு உள்ளங்கையால் தடவினான். மண்ணோடு மண்ணாய் அமுங்கி ஒரு வெள்ளைக் கூழாங்கல், மேல்பக்கம் மட்டும் பளபளப்பாக இருந்தது. அவன் அதைத் தோண்டவில்லை. எழுந்து, பலகையை இரண்டு கையாலும் பிடுங்கி எடுத்து முழங்காலில் வைத்து உடைத்தான். பிறகு நின்ற இடத்திலேயே அழுதான். ஆண்பிள்ளை அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

"இடத்தைச் சொல்லு, மிதிச்சதைச் சொல்லாத. கிழவிக்கு எதுக்கு அது?" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன். கேட்கிறவனா அவன்! மறுநாளே போய் முழுதும் சொல்லிவிட்டான். நான் கதவருகே நின்றேன்.

பிலோமினா அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"உங்கப்பன் ஒரு கால் படாம காப்பாத்தினாரு" என்றார். "நீ பதினோரு வருஷம் டிக்கெட்டு போட்டு மிதிக்க விட்டிருக்க."

"ஆமாம்மா."

"கொழந்தைங்களும் வந்துச்சா?"

"நெறைய வந்துச்சும்மா."

"சிரிச்சுதுங்களா?"

"சிரிச்சுதுங்க. எல்லாரும்தான் சிரிச்சாங்க."

"அதுவாவது அவ காதுல விழுந்திருக்கும்" என்றார். பிறகு கையை நீட்டி அவன் கன்னத்தில் ஒரு அறை விட்டார், பலமில்லாத அறை. "சனிக்கிழம கூட்டிட்டுப் போ."

செப்டம்பர் முதல் சனிக்கிழமை, பகல் பதினோரு மணி. எங்கள் ஊரில் வருஷத்துக்கு ஆறு நாள் அடிக்கிற வெயில் அன்றைக்கு அடித்தது. பிலோமினா அம்மாவைச் சக்கர நாற்காலியில் வைத்து நானும் மாலக்கியும் தள்ளிக்கொண்டு போனோம். அந்த இடத்தில் அவரே ஷூவைக் கழற்றச் சொன்னார், காலுறையைக் கழற்றச் சொன்னார். வெறும் பாதத்தை அந்த மண்மேல் வைத்துக்கொண்டு, குனிந்து ஏதோ பேசினார். நான் காது கொடுக்கவில்லை. பெற்றவளுக்கும் பிள்ளைக்கும் நடுவில் நான் யார்? அரை மணி நேரம் கழித்து, "சரி, போலாம்" என்றார்.

திரும்பினோம். கேட்டு இல்லை.

சத்தியமாகச் சொல்கிறேன், கேட்டு இல்லை. சுற்றிலும் முள்வேலி, ஒரு ஆள் நுழைய இடைவெளி கிடையாது. மாலக்கி முதலில் சிரித்தான், "வழிகாட்டிக்கே வழி தெரியலையே" என்றான். வேலியோரமாகவே தள்ளிக்கொண்டு போனோம். என் கடைத் தகரக் கூரை காற்றில் டமடம என்று அடிப்பது இடதுபக்கம் கேட்டது, கொஞ்ச நேரத்தில் பின்னாலிருந்து கேட்டது, பிறகு கரைக்கு உள்ளேயிருந்து கேட்டது. எத்தனை சுற்றினாலும் அந்த மூன்றாவது முள்மரம் எதிரே வந்து நின்றது. வெயில் அடிக்கிறது, பறவை ஒன்றுகூடச் சத்தம் போடவில்லை. என் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. நாற்காலியில் இருந்தவர் மட்டும் மெதுவாக என்னவோ முனகிக்கொண்டு வந்தார், தொட்டில் ஆட்டுகிறவர்கள் முனகுவது போல.

"கோட்டத் திருப்பு மாலக்கி" என்றேன்.

அவன் திருப்பினான். நானும் என் ஸ்வெட்டரைக் கழற்றித் திருப்பிப் போட்டேன். கேட்டு பத்தடியில் இருந்தது, நாங்கள் விட்டுவந்தபடியே திறந்து கிடந்தது.

"அம்மா, உங்க கோட்டையும் குடுங்க" என்று மாலக்கி பொத்தானில் கைவைத்தான். பட்டென்று அடித்துக் கையைத் தட்டிவிட்டார்.

"தொடாத."

"திருப்பினாத்தாம்மா கேட்டு தெரியும்."

"எந்தக் கேட்டு? எனக்கு ஒண்ணும் தெரியல. எனக்கு வேணாம்."

அப்படியே தள்ளிக்கொண்டு வெளியே வந்தோம். திறந்த கேட்டு வழியாகத்தான் வந்தோம். ஆனால் அவர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, "முள்ளுக்குள்ள தள்றீங்களேடா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். காரில் ஏற்றும்போது பார்த்தேன். புறங்கை இரண்டிலும் புதுக் கீறல், ரத்தம் துளிர்த்திருந்தது.

அன்றிலிருந்து அவருக்கு இல்லத்தில் வழி தெரியவில்லை. மூன்று வருஷம் இருந்த அறை எது என்று தெரியவில்லை. எழுந்து தாழ்வாரத்தில் நடப்பார், சுவரைக் கண்டால் வேலி என்பார், ஜன்னலைக் கண்டால் விலகிப் போவார். மூளையில் சின்னதாக ரத்தம் கட்டியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். சரியாகத்தான் இருக்கும், படித்தவர். ஆனால் நான் அந்த வயலில் இருந்தேன். நடக்கும்போது அவருடைய வலதுகை எப்போதும் கொஞ்சம் தாழ்ந்து, விரல் மடங்கி இருந்தது, இடுப்பு உயரத்துக்கு ஒரு பிள்ளையின் கையைப் பிடித்திருப்பதைப் போல.

மாலக்கி வேலையை விட்டுவிட்டான். பச்சை ஜாக்கெட்டைக் கொண்டுபோய்க் கவுன்சிலில் கொடுத்துவிட்டான், அந்த வயல் பக்கம் யாரையும் கூட்டிப்போகவில்லை. தினம் போய் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தான். அவன் தொலைத்த அம்மாவை அவன்தான் வெளியே கொண்டுவர வேண்டும் என்று மனசுக்குள் ஒரே பிடி. "ஒரு தடவ திருப்பிப் போட்டா போதும் கன்செப்டா, எங்கம்மா எனக்குத் திரும்பக் கிடைச்சுடுவாங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான். அவர் விழித்திருக்கும்போது நெருங்க விடவில்லை.

அக்டோபர் கடைசி வாரம். சாயங்காலம் நாலு மணி இருக்கும், வெளியே இலை கொட்டிக்கொண்டிருந்தது. பிலோமினா அம்மா நாற்காலியிலேயே கண் அசந்திருந்தார். நான் அவர் தலையைத் தாங்கிக்கொள்ள, மாலக்கி பொத்தான்களை அவிழ்த்து, ஸ்வெட்டரை மெதுவாக ஒரு தோளிலிருந்து கழற்றிவிட்டான். ஒரு கை வெளியே வந்துவிட்டது. உள்பக்கத்தை வெளியே இழுக்கப் போனான்.

கண்ணைத் திறந்தார். இரண்டு மாதத்தில் முதல் தடவையாக அவனை அவன் என்று தெரிந்து பார்த்தார்.

"மாலக்கி, அதைத் திருப்பினா நான் மட்டுந்தான்டா வீட்டுக்கு வருவேன்" என்றார்.

அவன் ஸ்வெட்டரை இழுப்பதை நிறுத்தினான். பிறகு விரல் மடங்கியிருந்த அவர் வலதுகையை எடுத்துப் பழையபடி உள்ளே நுழைத்து, குளிருமே என்று, மேலிருந்து கீழ்வரை எல்லாப் பொத்தானையும் போட்டுவிட்டான்.